“திங்க முடியாத சிப்பிக்கு எதுக்குடி பேரு?” - ஆயா கேட்ட கேள்வியும் ஓர் ஆழ்கடல் கதையும்

ப்ரோபியாமூசியம் ஆல்காக்கி.

இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு சபாஷ். “ஏதோ சுகர் மாத்திரை பேரு மாதிரி இருக்கு” என்பது எங்கள் அம்மாவின் கருத்து. மாத்திரை இல்லை, இது ஒரு சிப்பி. சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்தில், கடலின் அடிச்சேற்றின் மேல் வாழ்கிற சின்னச் சிப்பி. இரண்டு ஓடுகளும் கண்ணாடி போல மெலிசு. உள்பக்கத்தில் மட்டும் விசிறிக் கம்பிகள் போல மேடான கோடுகள் ஓடும். அந்த மெல்லிய ஓட்டுக்கு அவைதான் முட்டுக்கொடுக்கின்றன.

விலங்கியல் நூல்களில் இந்தப் பெயருக்குப் பின்னால் ‘(ஸ்மித், 1894)’ என்று சேர்த்து எழுதுவார்கள். ஸ்மித் என்பவர் பெயர் வைத்தவர். 1894 பெயர் வைத்த ஆண்டு. சரி, அடைப்புக்குறி எதற்கு? ‘இந்தச் சிப்பி இப்போது பிறந்த வீட்டில் இல்லை, வேறு வீட்டுக்கு மாறிவிட்டது’ என்று சொல்லத்தான். ஓர் அடைப்புக்குறிக்குள் இவ்வளவு கதையா என்று தோன்றியது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

எலவனாசூர்கோட்டையில் ஏது கடல்?

நியாயமான கேள்வி. நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நிருபர். வீடு எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரோட்டில் வருகிற ஊர். மேற்கே போனால் கல்வராயன் மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே பஸ் மாறி மாறிப் போக வேண்டும். எங்கள் வீட்டுக்குள் கடல் வந்தது ஆயாவின் சுண்ணாம்பு டப்பா வழியாகத்தான். வெற்றிலைக்குத் தடவும் அந்தச் சுண்ணாம்பு, கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது.

2025-ல் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில், ஆழ்கடல் உயிரினங்கள் சிலவற்றுக்குப் புதிதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் சென்கென்பெர்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழுவினர் செய்த வேலை அது. பட்டியலில் ஒரு சிப்பியும் இருந்தது. பெயர், மயோனெரா அலெய்னே. 5,000 மீட்டருக்கும் கீழே வாழ்வது. அசைவச் சிப்பி! நமக்குத் தெரிந்த சிப்பிகள் எல்லாம் தண்ணீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணிய தீனியைத் தின்பவை. இது சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்கிறது. அதைவிட ஆச்சரியம், ஒரு கத்திகூடப் படாமல் இதன் உடலமைப்பைப் படித்திருக்கிறார்கள் என்பதுதான். ஆஸ்பத்திரியில் எடுக்கிற சிடி ஸ்கேனின் நுண்வடிவத்தில் வைத்து, சுமார் 2,000 படங்கள் எடுத்து, உள்ளே இருக்கும் உறுப்புகளைக் கணினியில் அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

டெஸ்க்கில் இருந்த சீனியர் அண்ணன், “‘ஆழ்கடலில் மர்ம உயிரினம்’னு தலைப்பு வைம்மா, ஓடும்” என்றார். “மர்மம் தீர்ந்துதாண்ணே பேரே வெச்சிருக்காங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அப்போ அந்தப் பேரு எப்படி வெச்சாங்கன்னு எழுது” என்றார்.

மறுநாள் காலையில் அந்தச் சிப்பியின் படத்தை ஆயாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இதத் திங்கலாமா?” என்று கேட்டது. முடியாது என்றேன். “சுண்ணாம்புக்கு ஆவுமா?” அதற்கும் ஆகாது. “அப்பறம் எதுக்குடி அதுக்கு ஒரு பேரு?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் ஸ்மித்தும் ஆல்காக்கும் வந்தார்கள்.

ஒரு டாக்டர், ஒரு கப்பல்

கரையோரத்துச் சிப்பிகளுக்குப் பெயர் வைக்க விஞ்ஞானி வர வேண்டியதில்லை. நம் மீனவர்கள் எப்போதோ வைத்துவிட்டார்கள். ஆளி, மட்டி, முத்துச்சிப்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் உண்டு. கண்ணால் பார்த்து, கையால் எடுத்து, தின்று, விற்ற எதுவும் பெயரில்லாமல் இருக்காது. ஆழ்கடல் அப்படியில்லை. அங்கே இருப்பதை யாரும் பார்த்ததே கிடையாது. பார்க்காததை எந்த மொழியில் எப்படிக் கூப்பிடுவது?

பிரிட்டனின் ‘சேலஞ்சர்’ என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆழத்தைத் துழாவியது. ஆனால் நம் வங்கக் கடலுக்குள் அது வரவில்லை. இந்தியப் பெருங்கடலின் தெற்கு வழியாகவே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. நம் கடலின் அடியைத் துழாவும் வேலை, 1881-ல் பம்பாயில் வெள்ளோட்டம் விடப்பட்ட ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற கப்பலுக்கு வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் சக்கரம் சுற்றி ஓடும் மரக்கப்பல் அது. அதன் முதல் வேலை கரையோரத்தை அளந்து வரைபடம் போடுவது. கூடவே ஒரு டாக்டரையும் ஏற்றிக்கொண்டார்கள். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்ப்பது, மிச்ச நேரத்தில் கடலில் கிடைக்கும் உயிர்களைச் சேகரிப்பது என்று அவருக்கு இரட்டை வேலை.

1888 முதல் 1892 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக். இரும்புச் சட்டத்தில் பை வலையைக் கட்டி, கம்பிக் கயிற்றில் இறக்கி, கடலின் தரையோடு இழுத்து, மறுபடி மேலே தூக்குவார்கள். ஆழம் கூடக்கூட இறக்கி ஏற்றவே மணிக்கணக்கில் ஆகும். வலையில் பெரும்பாலும் வருவது சேறு. அதைச் சலித்தால் ஒரு நட்சத்திர மீன், இரண்டு இறால், கொஞ்சம் சிப்பி. அவற்றைச் சாராயக் குப்பியில் போட்டு, எங்கே எடுத்தது, எத்தனை ஆழம் என்று சீட்டு எழுதி ஒட்டுவார்கள். ஆல்காக் பின்னாளில் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஆனார். கப்பல் நாள்களைப் பற்றி 1902-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

கப்பலில் கிடைத்த சிப்பிகளும் சங்குகளும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் ஆல்பர்ட் ஸ்மித்திடம் போயின. சேலஞ்சர் கொண்டுவந்த சிப்பிகளைப் பற்றி 1885-ல் அறிக்கை எழுதியவரும் இவரே. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் கிடைத்தவற்றைப் பற்றி 1894-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சிப்பிக்கு ஆல்காக்கின் பெயரை வைத்தார். அமூசியம் ஆல்காக்கி. அடைப்புக்குறி இல்லாத முதல் பெயர் இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். பெயர் டாக்டருக்குப் போனது. கயிற்றை இழுத்த கைகளின் பெயர் எந்தச் சிப்பியிலும் ஏறவில்லை. பெயர் என்று வந்துவிட்டால், யாருடைய பெயர் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

உயிரினங்களின் அறிவியல் பெயரில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி பேரினம், இரண்டாவது சிற்றினம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வீட்டுப் பெயரும் ஆள் பெயரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்மித் இந்தச் சிப்பியை ‘அமூசியம்’ என்ற வீட்டில் சேர்த்தார். அதற்குக் காரணம் இருந்தது. நிலாச் சிப்பி என்ற ஒன்று உண்டு. வட்டமாக, வழவழவென்று, ஒரு பக்கம் செம்பழுப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக இருக்கும். நம் கடலிலும் ஆழம் குறைந்த பகுதியில் வாழ்கிறது. அதன் ஓட்டின் உள்ளேயும் விசிறிக் கோடுகள் உண்டு. உள்ளே கோடு இருப்பதால் இதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று அன்றைக்கு முடிவு செய்தார்கள்.

பின்னால் வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். நிலாச் சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்பது. ஆழ்கடல் கண்ணாடிச் சிப்பிகளின் செவுள் அமைப்பே வேறு. அவற்றின் வயிற்றுக்குள் சின்னச் சின்னப் பிராணிகள் இருந்தன. அதாவது, வேட்டையாடித் தின்கிற கூட்டம். உள்ளே கோடு இருப்பது ஒரு தற்செயலான ஒற்றுமைதான். ஒரே மாதிரி மூக்கு இருப்பதால் இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள் இல்லையா? அப்படி ‘ப்ரோபியாமூசியம்’ என்ற வேறு வீட்டுக்கு இந்தச் சிப்பி மாறியது. அந்த வகைகளுக்கென்று 1954-ல் ஒரு தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது.

வீடு மாறினாலும் ‘ஆல்காக்கி’ மாறவில்லை. முதலில் பெயர் வைத்தவர் என்ற மரியாதை ஸ்மித்துக்கு அப்படியே இருக்கிறது. வீடு மாறியதைச் சொல்ல அவர் பெயரைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி மட்டும் வந்தது. ஒரு நூற்றாண்டுக் கால விவாதத்தை இரண்டு வளைவுக் கோடுகளில் அடக்கிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சிப்பிகள்

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்துச் சிப்பிகளுக்கும் பெயர் வைத்த கதை உண்டு என்று தெரிந்தது. ஆல்காக் கப்பல் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே! தென்கிழக்கே இருக்கும் விருத்தாசலம், கிழக்கே புதுச்சேரி, தெற்கே அரியலூர் பக்கம் பாறைகளில் சிப்பிகளும் சங்குகளும் கல்லாகிக் கிடக்கின்றன. டைனோசர் காலத்தின் கடைசியில் கடல் அங்கே உள்ளே வந்து நின்றிருக்கிறது. சென்னை மாகாணத்தில் இருந்த கேய், கன்லிஃப் என்ற இருவர் அவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-ல் அவற்றை விவரித்துப் பெயர் வைத்தார். அதன்பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக, தென்னிந்தியாவின் கல்லான இரட்டை ஓட்டுச் சிப்பிகளை மட்டும் வைத்து ஒரு பெரிய தொகுதியே எழுதினார். வெளிவந்தது 1870-71.

பெயர் வைக்கும் வேலை மெல்ல நம் ஊருக்கும் வந்தது. 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை தொடங்கப்பட்டது. பாம்பன் அருகே குருசடைத் தீவின் சங்குகளையும் சிப்பிகளையும் பற்றி எஸ்.டி.சத்தியமூர்த்தி எழுதிய இரண்டு நூல்களை, 1952-லும் 1956-லும் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. எழும்பூர் மியூசியத்துக்கு டூர் போனபோது திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கட்டடத்துக்கு இப்படியொரு சிப்பி வரலாறு இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

மூலப்பத்திரம் இருக்கா?

சரி, ஒரு சிப்பிக்குப் பெயர் வைக்க என்னென்ன வேண்டும்? குழந்தைக்குப் பெயர் வைப்பது போல மூன்று முறை காதில் சொன்னால் போதாது.

முதலில், இது உண்மையிலேயே புதுசுதானா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே பெயர் வைத்த நெருங்கிய சொந்தங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஓட்டின் வடிவம், இரண்டு ஓடும் சேரும் கீல் பகுதியின் பற்கள், தசை ஒட்டியிருந்த தழும்பு, செவுள், இப்போது மரபணுவும். நூறு வருடத்துக்கு முன் வந்த பழைய இதழ்களை எல்லாம் தோண்ட வேண்டும். அடுத்து, பார்த்ததை வார்த்தையில் விவரித்து, படத்தோடு ஓர் ஆய்விதழில் வெளியிட வேண்டும். விவரணை இல்லாமல் பெயரை மட்டும் வெளியே விட்டால் அந்தப் பெயர் செல்லாது. அப்படிப்பட்ட பெயருக்கு லத்தீனில் ‘நோமென் நூடம்’ என்பார்கள். அம்மணப் பெயர் என்று அர்த்தம். செய்தித்துறையில் இருக்கும் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. பெயர் மட்டும் இருந்து விஷயம் இல்லாத செய்திகளுக்கும் இதையே வைக்கலாம்!

மூன்றாவதுதான் முக்கியம். எந்தச் சிப்பியைப் பார்த்து விவரித்தார்களோ, அந்த ஒரே ஒரு சிப்பியை ‘மூல மாதிரி’ என்று அறிவித்து, எண் போட்டு, பொது அருங்காட்சியகத்தில் வைத்துவிட வேண்டும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நிலம் வாங்கப் போனால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது, “மூலப்பத்திரம் இருக்கா?” என்றுதான். அதேதான் இது. நகல்கள் எத்தனை இருந்தாலும் வழக்கு என்று வந்தால் மூலப்பத்திரம் பேச வேண்டும்.

பெயரின் வால் பகுதிக்கும் இலக்கணம் உண்டு. ஆணின் பெயரை வைத்தால் கடைசியில் ‘இ’ வரும். ஆல்காக்கி அப்படி வந்ததுதான். பெண்ணின் பெயர் என்றால் ‘ஏ’, அலெய்னே அப்படி. ஊரின் பெயர் என்றால் பெரும்பாலும் ‘என்சிஸ்’. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நாகரிகமில்லை என்பது எழுதாத விதி. கட்சி போஸ்டர் அடிப்பவர்கள் கவனிக்க.

ஆயாவுக்கு நாலு பேரு

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. ஒரே உயிருக்கு இரண்டு பெயர்.

இது எனக்கு வீட்டிலிருந்தே தெரியும். எங்கள் ஆயாவின் பெயர் ரேஷன் கார்டில் ‘அம்மாள்’ சேர்த்து இருக்கும். ஆதாரில் ‘அம்மாள்’ இல்லை. வாக்காளர் அட்டையில் ரெண்டு சுழி ‘ன’ வர வேண்டிய இடத்தில் மூணு சுழி ‘ண’. பேங்க் புக்கில் பாதிப் பெயர்தான் இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டபோது, ஓர் அலுவலகத்தில் நாலு காகிதத்தையும் மேசையில் பரப்பி வைத்து, “இது நாலு ஆளும்மா” என்றார்கள். எதிரே ஆயா ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தது. “நாந்தாங்க அது” என்று சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. நாலு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று வாங்கி, அதற்கு முத்திரை வாங்கி, ஏழு மாதம் கழித்துத்தான் முதல் பணம் வந்தது. அந்த ஏழு மாதமும் ஆயா உயிரோடுதான் இருந்தது. கணக்கில் மட்டும் இல்லை.

சிப்பிகளுக்கும் இப்படி நடக்கிறது. ஜப்பானுக்குத் தெற்கே கடலுக்கடியில் கிழமைகளின் பெயர் கொண்ட மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு சிப்பிக்கு 1994-ல் ‘பாதிமோடியோலஸ் செப்டெம்டியேரம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஏழு நாள்களுக்குரிய’ என்று அர்த்தம். 2001-ல் இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்று ஒன்றில் கிடைத்த சிப்பிக்கு ‘மாரிஸ்இண்டிகஸ்’ என்று வைத்தார்கள். ‘இந்தியக் கடலுக்குரிய’ என்று பொருள். பிறகு வந்த மரபணு ஆய்வுகள், இரண்டும் ஒரே சிற்றினத்துக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கம் என்று காட்டின. ஒன்று என்று முடிவானால் எந்தப் பெயர் நிற்கும்? முதலில் வைத்ததுதான். அந்த ‘முதல்’ எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கும் தேதி குறித்திருக்கிறார்கள்: 1758 ஜனவரி 1. ஸ்வீடன் நாட்டின் லின்னேயஸ் எழுதிய நூலின் பத்தாம் பதிப்பு வந்த ஆண்டு.

உலகக் கடல் உயிரினப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. இணையத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். அதில் ஏற்கப்பட்ட பெயர்கள் 2.4 லட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அதற்கு முன்பு வழங்கிய பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். நாலு பேரும் ஒரே ஆள் என்று ஆயாவுக்கு வாங்கிய சான்று போலத்தான் அந்த வரிசையும்.

பெயர் வந்தால் என்ன ஆகும்?

இப்போது ஆயாவின் கேள்விக்கு வரலாம்.

இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில், கொதிக்கும் ஊற்றுகளின் ஓரம் ஒரு நத்தை வாழ்கிறது. காலைச் சுற்றி இரும்புத் தாது பூசிய செதில்கள். 2001-ல் முதன்முதலில் கண்டார்கள். உலகமே படம் போட்டு ஆச்சரியப்பட்டது. ஆனால் முறையான பெயர் 2015-ல்தான் வந்தது. 14 ஆண்டுகள் அது ‘செதில்கால் நத்தை’ என்ற பட்டப்பெயரிலேயே காலம் தள்ளியது. பெயர் வந்து நாலே ஆண்டில், 2019-ல், அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் சிவப்புப் பட்டியலில் அது இடம்பிடித்தது. ஆழ்கடல் சுரங்கத்தால் ஆபத்து என்ற காரணத்துக்காக அந்தப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் அது. 2021-ல் சங்கு, சிப்பி என்று வெந்நீர் ஊற்றுகளில் வாழும் 184 மெல்லுடலிகளை ஆராய்ந்து, 62 சதவிகிதம் ஆபத்தில் இருக்கின்றன என்றார்கள். இந்த 184-க்கும் பெயர் இருந்தது. அதனால்தான் எண்ணவே முடிந்தது.

பெயர் இல்லாதவை? ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே பசிபிக் கடலின் அடியில் நிக்கல், கோபால்ட் கொண்ட உலோக உருண்டைகள் உருளைக்கிழங்கு போலக் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை அள்ளப் பல நாடுகள் காத்திருக்கின்றன. அங்கே வாழும் உயிரினங்களைப் பற்றி 2023-ல் ஒரு கணக்கு வெளியானது. 5,578 வகைகள். அதில் 88 முதல் 92 சதவிகிதத்துக்குப் பெயரே கிடையாது.

இது யாரோ ஒருவர் கடலின் கதை இல்லை. மத்திய இந்தியப் பெருங்கடலில் இதே உலோக உருண்டைகளை ஆராய, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு 2002-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 75,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் ‘மத்ஸ்யா 6000’ வாகனத்தை உருவாக்குவது நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். உலோகம் வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய விவாதம். அதை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். அள்ளுவதற்கு முன் ‘இங்கே என்னென்ன இருந்தது’ என்று எழுதிவைக்க வேண்டும். பெயர் இல்லாததை அந்தப் பட்டியலில் எப்படி எழுதுவது? ‘சிப்பி வகை 1’, ‘சிப்பி வகை 2’ என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு கப்பலின் ‘வகை 1’-ம் இன்னொரு கப்பலின் ‘வகை 7’-ம் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் மட்டுமே வாழும் சிப்பியா, கடல் முழுக்க இருப்பதா என்றும் சொல்ல முடியாது. அது மறைந்துபோனால், ‘மறைந்தது’ என்று ஒரு வரி எழுதக்கூட ஆதாரம் இருக்காது.

“பேரு இருந்தாத்தான் ஆயா, அது இருக்குன்னு சொல்ல முடியும். இல்லன்னாலும் சொல்ல முடியும்” என்றேன். ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது. “எனக்கு மாரி ஏழு மாசம் இழுத்தானுவளா அதுக்கும்?”

ஏழு மாதமில்லை. புதிய உயிரினம் ஒன்று கையில் கிடைத்து, அதற்குப் பெயர் வருவதற்குச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதுவரை அருங்காட்சியக அலமாரியில், குப்பிக்குள். காரணம் எளிமையானது. பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கண்டுபிடிப்பது செய்தியாகிறது, ஒப்பிட்டு, எண்ணி, வரைந்து, பழைய இதழ் தேடுவது யார் கண்ணிலும் படுவதில்லை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் மீத்தேன் கசியும் இடத்தில் சிப்பிகள் கூட்டமாக வாழ்வதை கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் கண்டுபிடித்து, 2019-ல் வெளியிட்டார்கள். நம் வங்கக் கடலில்தான். அங்கே இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க, கப்பலும் வேண்டும், குப்பியைத் திறந்து பொறுமையாக உட்கார ஆளும் வேண்டும்.

இதைப் படிக்கும் பிளஸ் டூ தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீட், ஜேஇஇ தவிர வேறு உலகமே இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து விருத்தாசலம், சிதம்பரம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இருக்கிறது. கடலே இல்லாத ஊரில் பிறந்தவர்களும் கடலைப் படிக்கலாம். பெயரில்லாத சிப்பி ஒன்று என்றாவது உங்கள் மேசைக்கு வரலாம். யார் பெயரை வைப்பது என்பதை அன்றைக்கு முடிவு செய்வது நீங்கள். கப்பலில் கயிறு இழுத்தவர்களையும் அப்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.